சிவந்துபோன கல்யாண ஆல்பமும் உருளைக்கிழங்கு போட்டோவும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய குடும்பப் படங்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்யாணம் 1979-ல். அப்போதே கலரில் எடுத்தோம், தெருவே வந்து ஆல்பம் பார்த்தது. இப்போது திறந்தால் எல்லாரும் ரோஸ் நிறத்தில் இருக்கிறார்கள், என் பச்சைப் பட்டு போன இடம் தெரியவில்லை. ஆனால் மாமனார் மாமியார் 1948-ல் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் கூடத்தில் அப்படியே இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் மட்டமான பேப்பரில் போட்டு ஏமாற்றிவிட்டாரா சார்?
(வாசகி, கும்பகோணம்)

அவரைத் திட்டாதீர்கள், அம்மா. அன்றைக்குச் சந்தையில் கிடைத்த நல்ல பேப்பரே அப்படித்தான்.

உங்கள் மாமனார் படத்தில் உருவமாக நிற்பது வெள்ளி. நிஜமான உலோகம், பேப்பர் மேல் பூசிய ஜெலட்டின் என்கிற மெல்லிய பசைப் பூச்சுக்குள் பொடிப்பொடியாக உட்கார்ந்திருக்கிறது. ஒழுங்காகக் கழுவியிருந்தால் நூறு வருஷம் அதற்கு ஒன்றுமில்லை. கலர் பிரிண்டில் கடைசியில் வெள்ளியே மிஞ்சாது. கழுவும்போது அதை பிளீச் செய்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று சாயங்கள் மட்டும்: மஞ்சள், மெஜந்தா என்கிற ஊதா கலந்த ரோஸ், அப்புறம் சியான் என்கிற பச்சை கலந்த நீலம். மூன்றும் ஒரே வேகத்தில் மங்கினால் படம் வெளுத்துப்போகும், அவ்வளவுதான். அப்படி மங்குவதில்லை என்பதுதான் சிக்கல். 60களிலிருந்து 80களின் தொடக்கம் வரை வந்த பெரும்பாலான கலர் பேப்பர்களில் சியான் சாயம் நோஞ்சான். வெளிச்சமே படாமல் பீரோவுக்குள் இருந்தாலும் அது தானாகக் கரையும்.

பச்சைப் பட்டு பேப்பரில் எப்படிப் பச்சையாகத் தெரிந்தது? மஞ்சளும் சியானும் சேர்ந்து. சியான் போய்விட்டால் மிஞ்சுவது மஞ்சளும் கொஞ்சம் மெஜந்தாவும், புடவை மங்கின செங்கல் நிறமாகிவிடும். தலைமுடியைப் பாருங்கள், அது மூன்று சாயமும் சேர்ந்து உண்டான கறுப்பு, இப்போது மருதாணி போட்ட தலை மாதிரி செம்பட்டையாக இருக்கும். முகத்தில் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் முகத்தில் சியான் முதலிலிருந்தே குறைச்சல். சியானின் வேலை சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்துவது. காவல்காரர் போனதும் சிவப்பு எல்லாம் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமாரான கணக்கு ஒன்று உண்டு: வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் சாயம் மங்கும் வேகம் இரட்டிப்பாகும். சித்திரை மாதம் மாடி அறையில் இரும்பு பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சினிமாப் பிரிண்டுகளும் இப்படித்தான் போயின. 1950-ல் வந்த ஈஸ்ட்மன்கலர் பிலிமில் போட்ட பழைய பிரிண்டுகள் தியேட்டரில் முழுக்க ரோஸாக ஓடியதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 80களின் நடுவில்தான் நூறு வருஷம் தாங்கும் என்று விளம்பரம் கொடுக்கிற அளவுக்குப் பேப்பர் தேறியது.

சரி, மீட்க முடியுமா? பாதி முடியும். சியான் அநேகமாக முழுசாகப் போயிருக்காது, கண்ணுக்குத் தெரியாத அளவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஸ்கேனரில், கலர் ஒன்றுக்கு 16 பிட் வைத்து ஸ்கேன் செய்தால் அந்தக் கொஞ்சத்தைத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன்னால் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். நெகட்டிவ்விலும் சாயம் மங்கும்தான், ஆனால் பெரும்பாலும் பிரிண்ட் அளவுக்குப் போயிருக்காது, அதிலுள்ள விவரமும் அதிகம். கல்யாண வீட்டில் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெகட்டிவ் கவரைக் குப்பையில் போட்ட குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

என் கொள்ளுப்பாட்டியின் படம் 1930களில் எடுத்தது என்கிறார்கள். புடவை பச்சை, ரவிக்கை சிவப்பு, தோடும் சங்கிலியும் தங்க நிறம். அந்தக் காலத்திலேயே கலர் பிலிம் இங்கே வந்துவிட்டதா?
(வாசகர், காரைக்குடி)

வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் தீட்டிய வண்ணம். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். முதலில் புடவை மடிப்புகளைப் பாருங்கள். நிஜக் கலர் படத்தில் மடிப்பின் நிழல் கரும்பச்சையாக இருக்கும். கையால் தீட்டியதில் நிழல் சாம்பலாகவோ பழுப்பாகவோ அடியில் கிடக்கும், அதன் மேல் ஒரே பச்சை சீராகப் படர்ந்திருக்கும். அப்புறம் உதடு, ரவிக்கைக் கையின் ஓரம்: எங்கேயாவது ஒரு மயிரிழை கோட்டைத் தாண்டியிருக்கும். நகையைச் சாய்த்துப் பாருங்கள், கல் இருக்கிற இடத்தில் பெயின்ட் புள்ளி லேசாக மேடு தட்டி நிற்கும். கைவிரல்களுக்குப் பெரும்பாலும் பொறுமை போயிருக்கும், சாம்பலாகவே விட்டிருப்பார்கள்.

ஸ்டுடியோக்களில் இதற்கென்றே 'டச்சிங்' ஆள் இருப்பார். பிரிண்டை முதலில் பழுப்பாக்கிவிட்டு அதன் மேல் வண்ணம் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். சாம்பல் மேல் தோல் நிறம் பிணம் மாதிரி தெரியும், பழுப்பின் மேல் உயிர் வரும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. பழுப்பாக்கும்போது வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறுகிறது, அது வெறும் வெள்ளியைவிடக் கெட்டி. உங்கள் கொள்ளுப்பாட்டி இத்தனை தெளிவாக இருக்க அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்தப் பச்சையை நம்பி, பாட்டி பச்சைப் புடவை கட்டினார் என்று யாரிடமும் சத்தியம் செய்யாதீர்கள். வண்ணம் தீட்டியவர் அந்தப் புடவையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று: ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். தண்ணீர் வண்ணமாக இருந்தால் துணியோடு வந்துவிடும்.

உருளைக்கிழங்கில் கலர் போட்டோ எடுத்தார்கள் என்று மகன் சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் யாரோ கிண்டலுக்குச் சொல்லி அனுப்பினார்களா?
(வாசகி, திருநெல்வேலி)

மகன் சொன்னது நிஜம். நமக்கு சினிமாவைக் கொடுத்த அதே லூமியேர் சகோதரர்கள், பிரான்சில் லியோன் நகரத்துக்காரர்கள், 1903-ல் காப்புரிமை வாங்கி 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடித் தட்டு அது. பெயர் ஆட்டோகுரோம். உருளைக்கிழங்கு மாவை, நவராத்திரிக் கோலத்துக்குப் பொடி சலிப்பதைப் போல, சலித்துச் சலித்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மணிகளாக எடுப்பார்கள். அதை மூன்று பங்காகப் பிரித்து ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றி, மறுபடி ஒன்றாகக் கலந்து, பசை தடவிய கண்ணாடி மேல் ஒரே ஒரு அடுக்காகத் தூவுவார்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 லட்சம் மணிகள். இடுக்குகளில் விளக்குக் கரியை அடைத்து, உருளையால் அழுத்தி, அதன் மேல் வழக்கமான கறுப்பு வெள்ளைப் பூச்சு.

கேமராவில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், வெளிச்சம் முதலில் மாவு மணிகள் வழியாகப் போய்த்தான் பூச்சில் விழும். சிவப்புப் புடவையிலிருந்து வரும் வெளிச்சத்தை ஆரஞ்சு மணி விடும், மற்றவை தடுக்கும். கழுவி பாசிட்டிவ்வாக மாற்றினால் ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் ஒரு குட்டிக் கதவு திறந்தோ மூடியோ இருக்கிறது என்று வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் கலர். பிரிண்ட் கிடையாது, தட்டு ஒன்றுதான். நல்ல வெயிலிலும் ஒரு நொடி, அதற்கு மேலும் அசையாமல் இருக்க வேண்டும். அதனால்தான் ஆட்டோகுரோம் படங்களில் ஆட்கள் எதிலாவது சாய்ந்துகொண்டோ உட்கார்ந்தோ இருப்பார்கள்.

பாரிஸ் வங்கிக்காரர் ஆல்பர்ட் கான் 1909 முதல் 1931 வரை உலகமெங்கும் ஆள் அனுப்பி இந்த முறையில் எடுத்த 72,000 தட்டுகள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் இந்தியாவும் உண்டு. பங்குச் சந்தைச் சரிவில் அவர் பணம் போயிற்று, படங்கள் தங்கின.

இதற்கும் முன்னால் 1861-லேயே மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி லண்டனில் ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வழியாகத் தனித்தனியாக எடுக்கவைத்து, மூன்று விளக்குகளால் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால் அன்றைய தட்டுக்குச் சிவப்பு வெளிச்சமே உறைக்காது, அது நடந்திருக்கவே கூடாது. நூறு வருஷம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது, சிவப்பு வடிகட்டி வழியாக அது நுழைந்து வேலையை முடித்துவிட்டது. அதிர்ஷ்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சித்தப்பா 1960களில் இலண்டனில் படித்தவர். அவர் விட்டுப்போன பெட்டியில் சிவப்புக் கரை போட்ட அட்டைச் சட்டத்தில் ஸ்லைடுகள் இருக்கின்றன, நேற்று எடுத்தவை போல நிறம். கழுவாத ஒரு ரோலும் கூடவே கிடக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

கும்பகோணம் அம்மா பொறாமைப்படப் போகிறார். உங்களிடம் இருப்பது அநேகமாகக் கோடாக்குரோம். பூச்சு இருக்கும் பக்கத்தை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள், உருவத்தின் ஓரங்கள் லேசாகப் புடைத்துத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இசைக்காரர்கள்: லியோபோல்டு மேன்ஸ் பியானோ, லியோபோல்டு காடவ்ஸ்கி வயலின். இரண்டு பேருக்கும் முதல் பெயர் ஒன்றுதான், பள்ளிக்கூட நாளிலிருந்தே கலர் படப் பித்து. 1935-ல் சினிமாப் பிலிமாக வந்தது, 1936-ல் ஸ்லைடாக. மற்றப் பிலிம்களில் சாயமாக மாறுகிற சரக்கைப் பூச்சிலேயே கலந்து வைத்திருப்பார்கள். அதே 1936-ல் ஜெர்மனியில் ஆக்ஃபா கம்பெனி செய்தது அதுதான், இன்றைய கலர் பிலிமுக்கெல்லாம் அதுவே வழி. கோடாக்குரோம் பிலிமிலோ சாயச் சரக்கு கிடையாது, கழுவும்போது ஒவ்வொரு நிறமாக வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். வீட்டு டார்க் ரூமில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் கழுவி முடித்தபின் வேலையில்லாத ரசாயனம் உள்ளே தங்கிக் குடைச்சல் கொடுப்பதும் இல்லை, அதனால் இருட்டில் வைத்தால் அசாத்தியமாகத் தாங்கும். இருட்டில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புரொஜெக்டர் விளக்குக்கு இது மற்ற ஸ்லைடுகளைவிடச் சீக்கிரம் மங்கும். ஆகவே வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்ட வேண்டாம், ஒரு தடவை ஸ்கேன் செய்துவிட்டு மூடி வையுங்கள். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதற்குக் கோடாக்குரோமைப் படிக்கத் தெரியாது, கண் இமையைத் தூசி என்று நினைத்து அழிக்கும்.

கழுவாத ரோல் கோடாக்குரோமாக இருந்தால் கலரில் இனி வராது. கோடக் கம்பெனி 2009-ல் அந்தப் பிலிமை நிறுத்தியது, அமெரிக்காவில் கன்சஸ் மாநிலத்து பார்சன்ஸ் என்ற சின்ன ஊரிலிருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சித்தப்பா எடுத்தது என்ன என்று தெரிந்தால் போதும் என்றால் அதைச் செய்யலாம்.

அப்பா முறுக்கு டப்பாவில் போட்டு வைத்த நெகட்டிவ்கள். திறந்தால் வினிகர் வாடை மூக்கில் ஏறுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
(வாசகர், சிவகாசி)

போடாதீர்கள், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட், சூட்டிலும் ஈரத்திலும் அது உடைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். வெளிவரும் ஆவி மற்ற நெகட்டிவ்களையும் கெடுக்கும், மூடின டப்பாவில் இன்னும் வேகமாக. இந்த நோய் முதன்முதலில் பிலிம் கம்பெனிக்குத் தெரியவந்ததே இந்திய அரசின் புகாரால்தான், நம் வெக்கையில் வைத்திருந்த பிலிம்கள்.

இன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்து, வாடை அடிப்பதைத் தனியாக, அடிக்காததைத் தனியாகப் பிரித்து, சாதாரணக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் கவர் வேண்டாம். சுருளத் தொடங்கியவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். போன உறுதி திரும்ப வராது. ஓரத்தில் அச்சடித்த எழுத்தையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், வருஷம் கண்டுபிடிக்க அது நல்ல தடயம். 'ஆர்வோ' என்று இருந்தால் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் தொழிற்சாலைச் சரக்கு, அந்தப் பெயரே 1964-ல் வைத்தது, எனவே அதற்கு முந்தைய படமாக இருக்க முடியாது. நம் ஊட்டித் தொழிற்சாலையின் 'இந்து' என்றால் 1967-க்குப் பிறகு.

பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஓர் ஆப்பில் போட்டுக் கலராக்கினேன். நீலப் புடவை வந்தது. குடும்ப குரூப்பில் எல்லாரும் அழுதுவிட்டார்கள். பெரிய அத்தை மட்டும், அது அரக்கு என்று அடித்துச் சொல்கிறார். யார் சரி?
(கல்லூரி மாணவி, கோவை)

அத்தை பக்கம்தான் நிற்பேன். பழைய ஸ்டுடியோத் தட்டுகளிலும் பிலிம்களிலும் நிறைய, ஆர்த்தோ வகை. அவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, நீலம் அளவுக்கு மீறி உறைக்கும். அதனால் அரக்குப் புடவை கறுப்பாகப் பதியும், குங்குமப் பொட்டு மை வைத்த மாதிரி இருக்கும், வெளிர்நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். படத்தில் புடவை இருட்டாக இருந்தால் ஆப் அதை அடர்நீலம், கரும்பச்சை என்று எதையாவது ஊகிக்கிறது. சாம்பலுக்குள் நிறம் ஒளிந்திருப்பதாகவும் ஆப் அதை வெளியே எடுப்பதாகவும் நினைக்காதீர்கள், அந்தத் தகவல் அங்கே இல்லவே இல்லை. பொட்டும் புடவையும் ஒரே கறுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அத்தை ஜெயித்தார்.

நிறத்தைவிட எனக்குக் கவலை முகம். 'தெளிவாக்கு' பட்டனை அழுத்தினால் அது மங்கலான இடத்தில் வேறு யாருடைய கண்ணையோ கொண்டுவந்து பொருத்துகிறது, பாட்டிக்கு இல்லாத பல்வரிசை வருகிறது. அடுத்த தலைமுறை அதைத்தான் பாட்டி என்று நினைக்கும். விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொடாத ஸ்கேன் ஒன்று தனியாக இருக்கட்டும், கலர் போட்டதன் பெயரிலேயே 'ஆப் கலர்' என்று சேர்த்து வையுங்கள்.

பிரேம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
(வாசகர், நாகப்பட்டினம்)

பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துவிட்டது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே, விளக்கு பிரதிபலிக்காமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படத்துக்கு பிரேம் போடும்போது நடுவில் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கிடைக்கும்.

90களின் ஒட்டும் ஆல்பம், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படம் வைக்கிற மாதிரி. படங்கள் வர மறுக்கின்றன.
(வாசகி, மதுரை)

அந்த ஆல்பத்தைக் கண்டுபிடித்தவரை நான் மன்னிக்கவே மாட்டேன். பல் இடுக்கில் விடுகிற மெல்லிய நூலை வாங்கி, மூலையில் நுழைத்து ரம்பம் போல மெதுவாக இழுங்கள். ஹேர் டிரையர் வைக்கச் சொல்வார்கள், சாயத்துக்குச் சூடு ஆகாது என்பதால் எனக்கு அதில் பிடித்தமில்லை. வரவே மாட்டேன் என்றால் அந்த அட்டைப் பக்கத்தைச் சுற்றி வெட்டிப் படத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் பின்னால் பெயர் எழுத எந்தப் பேனா நல்லது?
(வாசகர், சேலம்)

பழைய காகிதப் பிரிண்டுக்கு மென்மையான பென்சில், கண்ணாடி மேஜை மேல் வைத்து அழுத்தாமல். 70களுக்குப் பிந்தைய கலர் பிரிண்டுகளின் முதுகு பிளாஸ்டிக், பென்சில் பிடிக்காது. பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் கோடாகத் தெரியும். அதை உறையில் போட்டு உறை மேல் எழுதுங்கள். எழுதும்போது முறையைச் சொல்லி நிறுத்தாதீர்கள். 'பெரியம்மா, திருப்பதியில்' என்று எழுதிய படங்கள் என் மேஜையில் ஒரு கட்டு கிடக்கின்றன, யாருடைய பெரியம்மா என்று சொல்ல ஆளில்லை. முழுப் பெயர், ஊர், சுமாரான வருஷம், படம் எடுத்தவர் பெயர் தெரிந்தால் அதுவும்.